வாசலில் பதினேழு கல்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஜனவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அப்பா, அத்தை, நான் மூவரும் குகை பார்க்கக் கிளம்பினோம்.
2. மூன்று பேராகப் போகக்கூடாது என்பதால் நாலாவது ஆளாக ஒரு கல்லை எடுத்துக்கொண்டோம்.
3. அந்தக் கல்லுக்கு நான் ஒரு பெயர் வைத்தேன்.
4. குகைக்குள் அதை வேண்டுமென்றே விட்டேன்.
5. இருட்டில் அதன் பெயரைக் கூப்பிட்டேன்.
6. பதில் வந்தது.

ஆறும் உண்மை. நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இதற்கு முன் இதைக் கேட்ட இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன், ஏனென்றால் பேய், பிசாசு, சகுனம், எதையும் நான் ஒருநாளும் நம்பியதில்லை. என் தொழில் அப்படி. கோட்டைப் பக்கத்தில் ஒரு கம்பெனியின் வரைபட இலாகாவில் நான் டிரேசர். இன்ஜினியர் பென்சிலில் போட்ட படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, இந்தியன் இங்க்கில் நகல் எடுப்பது என் வேலை. மூலத்தில் இல்லாத கோடு நகலில் இருக்கக்கூடாது, இதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். இங்கேயும் நான் எந்தக் கோட்டையும் சேர்க்கவில்லை.

நாங்கள் இருப்பது மாதுங்காவில், ஒரு இரண்டு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு அப்பாவின் அக்கா பாலக்காட்டிலிருந்து வந்து வீட்டை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்பா, நான், ரேஷன் கார்டு மூன்றும் அன்றிலிருந்து அவர் கையில். ஆக வீட்டில் மூன்று பேர். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது என்பது அத்தையின் சட்டம். அதனால் மூன்று பேரும் சேர்ந்து எங்கே போனாலும், கோயிலோ கல்யாணமோ, வாசலில் பூச்செடிப் பாத்தியைச் சுற்றிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கும் கற்களில் ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொள்வார். அது நாலாவது ஆள். திரும்பி வந்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். வரிசையில் பதினேழு கல். சின்ன வயதிலிருந்து எண்ணியிருக்கிறேன்.

யுத்தம் முடிந்திருந்த நேரம் அது. யுத்தத்தின்போது ஆண்கள் இல்லாததால் எங்கள் இலாகாவில் எட்டுப் பெண்களைச் சேர்த்திருந்தார்கள். ஆண்கள் திரும்பி வர ஆரம்பித்ததும் இரண்டு பெண்களை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அந்த இரண்டில் நான் ஒருத்தி, ஆனால் ஒரு நிபந்தனை: மூன்று வருஷத்துக்கு எனக்குக் கல்யாணம் இல்லை என்று அப்பா கையெழுத்துப் போட்ட காகிதத்தை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். காகிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார்.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

அத்தை ஏற்கெனவே செம்பூரில் ஒரு வரனைப் பார்த்து வைத்திருந்தார். ரகு என்ற பையன், அவன் அம்மா, இரண்டே பேர். பெண் பார்க்க அவர்களை வீட்டுக்கு வரச்சொன்னால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்தேரிக்கு அப்பால் உள்ள ஒரு குகைக்கு எல்லோரும் சேர்ந்து ஒருநாள் போய்வருவது என்று ஏற்பாடு செய்தார். பூமிக்குள் இறங்கிப் போகும் பெரிய குகை, ஜனங்கள் சாமி கும்பிடும் இடமும்கூட, அதனால் பெயரைச் சொல்ல மாட்டேன்.

ஏற்பாடுகள் என் பொறுப்பு. பட்டியல் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அத்தையே ஒப்புக்கொள்வார், வேறு எதையும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

"செம்பூர்க்காரா ரெண்டு பேர், நாம நாலு பேர். ஆறு பொட்டலம் கட்டிக்கோ."

"நாம மூணு பேர்தானே அத்தை."

"கல்லைச் சேத்துக்கோ."

"கல்லு இட்லி சாப்பிடுமா?"

"நீ சாப்பிடறதுக்கு அது சாப்பிட்டா புண்ணியம். நன்னி, விசுவாசம் உள்ளதா இருக்கும். எழுதுடி."

எழுதினேன். பெயர், வயது, பொட்டலம், குறிப்பு என்று நாலு கட்டம். அப்பா: மூட்டு வலி, படியில் கை பிடிக்க வேண்டும். அத்தை: குடை. ஜானகி, அதாவது நான்: தண்ணீர்க் கூஜா, பட்டியல். நாலாவது வரியில் 'கல்' என்று எழுதக் கை வரவில்லை, அசட்டுத்தனமாகத் தோன்றியது. கோபமும் இருந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாத பெயராகப் பார்த்து 'சரோஜா' என்று எழுதினேன். வயது பத்தொன்பது. குறிப்பில், அத்தை தினமும் என்னிடம் இல்லை என்று சொல்லிக்காட்டும் லட்சணங்களை எல்லாம் வரிசையாகப் போட்டேன்: அடக்கம். எதிர்த்துப் பேச மாட்டாள். வேலைக்குப் போக மாட்டாள். வைத்த இடத்தில் இருப்பாள்.

எண் போடாத எதுவும் எங்கள் இலாகாவை விட்டு வெளியே போகாது. அந்தப் பழக்கத்தில், வரிசையிலிருந்து எடுத்த கல்லின் அடிப்பக்கத்தில் இந்தியன் இங்க்கில் 4 என்று எழுதினேன். அந்த மை காய்ந்தால் தண்ணீரில் போகாது. ஏற்பாடுகளோடு கல்லும் இந்தத் தடவை என் பொறுப்பு, என் பையில் போட்டுக்கொண்டேன்.

பட்டியலை வாங்கிப் பார்த்த அத்தை நாலாவது வரியில் நின்றார். "கல்லுக்கு ஏண்டி பேரு?"

"ஆள்னு சொன்னேளே. ஆளுக்குப் பேர் வேண்டாமா?"

அவர் சிரிக்கவில்லை. "திரும்பி வந்ததும் எடுத்த இடத்திலயே வெக்கணும். நடுவில எங்கேயும் விட்டுட்டு வரப்படாது. கேட்டியா?"

அதையும் கடைசி வரியாக எழுதிக்கொண்டேன்: கல்லைத் திரும்ப வைத்தல்.

அந்தேரி ஸ்டேஷனில் செம்பூர் மாமியும் ரகுவும் காத்திருந்தார்கள். அங்கிருந்து இரண்டு குதிரை வண்டி. இறங்கினதும் மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆபீசில் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"கோடு போடற வேலையா? கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் வாசல் கோலத்தோட நிறுத்திக்கலாம்" என்றார். ரகு சிரித்தான். அதைவிட, அப்பாவும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை, அந்தக் காகிதம் அவர் சட்டைப் பையில் இருக்கும்போது.

குகை வாசலில் லாந்தர்க்காரர் ஒருவர் இருந்தார். மராத்தியர், வயதானவர். உள்ளே போகிறவர்களை விரல் விட்டு எண்ணுவார், வெளியே வரும்போது மறுபடி எண்ணுவார். எங்களை எண்ணி ஐந்து விரலைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தார். படி இறங்க இறங்க வெயில் பின்னால் சின்னதாகிக்கொண்டே வந்தது. உள்ளே நீளமான கூடம், இரண்டு பக்கமும் தூண்கள், எங்கேயோ தண்ணீர் சொட்டும் சத்தம், தரை முழுக்க ஈரம். பகல் பதினொரு மணி, ஆனால் லாந்தர் வெளிச்சத்துக்கு அப்பால் என் கை எனக்குத் தெரியவில்லை.

அங்கேதான் என் புத்தி அப்படிப் போயிற்று. மூன்று பேர் போனால் காரியம் கெடும் என்பது அத்தையின் கணக்கு. சரி, மூன்றாகவே இருக்கட்டும், கெடட்டும் என்று, எல்லோரும் முன்னால் போனதும் பையிலிருந்த கல்லை எடுத்து ஒரு தூணின் அடியில் வைத்தேன். எனக்கு நம்பிக்கையில்லாத ஒன்றை ஆயுதமாக எடுத்தேன். அது என் தப்பு, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் லாந்தர் அணைந்தது. அதில் அமானுஷ்யம் எதுவும் இல்லை, அந்த வருஷங்களில் மண்ணெண்ணெய் கிடைத்த லட்சணம் அப்படி. யாரும் அசையவேண்டாம், வேறு விளக்கு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு லாந்தர்க்காரர் இருட்டில் தடவிக்கொண்டே போனார். யுத்தத்தின்போது ஆபீசில் விமானத் தாக்குதல் ஒத்திகை வைப்பார்கள், விளக்கை அணைத்ததும் ஒருவர் பெயர் பெயராகக் கூப்பிட வேண்டும். எங்கள் மாடிக்கு அந்த ஆள் நான்தான். வாய் தானாகவே ஆரம்பித்துவிட்டது.

"அப்பா."

"இருக்கேம்மா."

"அத்தை."

"எங்கே ஓடிப்போயிடப் போறேன்? இங்கேதான் இருக்கேன். நீயும் உன் பட்டியலும்."

"மாமி."

"ம்."

"ரகு."

"பிரசென்ட் டீச்சர்" என்றான்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். அத்தையைச் சீண்ட வேண்டும் என்று ஒரு ஆசை, அவ்வளவுதான்.

"சரோஜா."

"இருக்கேன்."

நான் கல்லை வைத்த தூண் பக்கத்திலிருந்து வந்தது. நின்றுகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து. எங்கள் வீட்டுத் தமிழ். அதில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. கூப்பிட்டதற்குப் பதில், அவ்வளவே.

என் முழங்கைக்கு மேல் யாரோ கிள்ளினார்கள். அத்தைதான். "குரலை மாத்திப் பேசிக் காட்டறியா? அவா முன்னாடியா?" என்று காதில் சீறினார். பேசியது நான் இல்லை. விளக்கு வந்தது. திரும்பித் திரும்பி எண்ணினேன். ஐந்து பேர். தூணின் அடியைப் பார்த்தேன், அங்கே கல் இல்லை. வேறு தூணாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

வெளியே வரும்போது லாந்தர்க்காரர் எண்ணினார். "ஸஹா" என்றார். ஆறு. "பாஞ்ச்" என்றேன் நான், ஐந்து. அவர் எனக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, ஆறு விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு, படித்த பெண்ணோடு என்ன வாதம் என்பதுபோல் போய்விட்டார்.

மாமரத்தடியில் சாப்பிட்டோம். செம்பூர்க்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். மாமி எங்கள் பக்கம் திரும்பி, "ரொம்ப அடக்கம். எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். அத்தைக்கு முகம் மலர்ந்தது. என்னைத்தான் சொல்கிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். கிளம்பும்போது இலைகளைப் பொறுக்கினேன். ஆறு பொட்டலம் கட்டியிருந்தேன், ஆறு இலையும் காலி. ரகு இரண்டு சாப்பிட்டிருப்பான் என்று நினைத்தேன். நினைப்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

வீட்டு வாசலில் அத்தை கையை நீட்டினார். "கல்லு எங்கே?"

"எங்கேயோ விழுந்துடுத்து."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பாத்தியில் இருந்த இடைவெளியைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று இரவு என் பட்டியலில் எல்லா வரிக்கும் டிக் போட்டேன், கடைசி வரியைத் தவிர.

பத்து நாள் கழித்துச் செம்பூரிலிருந்து கடிதம் வந்தது. அப்பா நின்றபடியே படித்தார். பிறகு அத்தை படித்தார். பிறகு என் முன்னால் போட்டார்கள். அதில் இருந்தது இதுதான்:

'உங்கள் இரண்டாவது பெண் சரோஜாவைக் குகைக்குள்ளேயே விட்டுவிட்டு வந்தீர்கள். அவள் எங்கள் பின்னால் வந்து, எங்கள் வண்டியில் ஏறி, எங்களோடு வீட்டுக்கு வந்தாள். இன்றோ நாளையோ யாராவது தேடி வருவீர்கள் என்று பார்த்தேன். பத்து நாளாகிறது. பெற்ற பெண்ணை இப்படியும் தொலைப்பார்களா? மூத்தவளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு ஆபீஸ் இருக்கிறது. இந்தப் பெண்ணை எங்களுக்கே கொடுத்துவிடுங்கள்.'

யாரோ ஆதரவில்லாத பெண், குகைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தவள், நான் கூப்பிட்ட பெயரைக் கேட்டு உள்ளே புகுந்துவிட்டாள், போலீசுக்குப் போகலாம் என்றேன். இப்போதும் சில நாள் காலையில் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன். அப்பா தனியாகச் செம்பூருக்குப் போனார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இருக்கா" என்றார்.

"யாரோ ஒருத்திப்பா அவ."

"காபி கொண்டுவந்து குடுத்தா. கிளம்பறப்போ, 'படியில பாத்து எறங்குங்கோப்பா, மூட்டு வலி'ன்னா."

"அது என் பட்டியல்ல எழுதினது. எங்கேயாவது பாத்திருப்பா."

"டம்ளரை நீட்டினாளே, அப்போ உள்ளங்கையைப் பாத்தேன். நாலுன்னு எழுதியிருக்கு. எத்தனை தேச்சும் போகலையாம், பச்சை குத்தினதான்னு மாமி என்னைக் கேக்கறா." அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "உன் கையெழுத்துடி."

எங்கள் இலாகாவில் 4 எழுதும்போது தலையை மூடாமல் விடுவோம். வேறு யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. தலை மூடியிருந்ததா என்று அப்பாவைக் கேட்டேன். இல்லை என்றார்.

"என் பொண்ணு இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானேடா விச்சு?" என்றார் அத்தை.

"சொல்ல வாயெடுத்தேன் அக்கா. அவ என்னைப் பாத்துண்டு நின்னா. சொல்ல வரலை."

பிறகு சட்டைப் பையிலிருந்து என் காகிதத்தை எடுத்தார். பேனா கேட்டார். நாற்காலிக் கையில் வைத்தே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார். "ஒருத்தியைக் குடுத்தாச்சு. போதும்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். எப்படி வந்தது என்று கேட்காமல் வாங்கிக்கொண்டேன், மறுநாள் காலையில் முதல் வேலையாக ஆபீசில் கொடுத்தேன்.

கல்யாணம் சித்திரையில் நடந்தது. அப்பா மட்டும் போய்க் கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அத்தையும் நானும் போகவில்லை. மூன்று பேராகப் போக வேண்டியிருக்கும் என்று அத்தை காரணம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவது சாப்பாட்டு விஷயம் மட்டும்தான். ஒரே ஒரு தடவை, நான் மெழுகுத் துணியில் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "நீ எழுதினதுதாண்டி அவ" என்றார். அவ்வளவு வெறுப்பை அவர் குரலில்கூட நான் முன்பு கேட்டதில்லை.

தீபாவளிக்குத் தீபாவளி செம்பூரிலிருந்து பட்சணம் வரும், பிறந்த வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று ஒரு வசவுக் கடிதத்தோடு. கற்களின் வரிசை பதினாறாகவே இருந்தது. கட்டடத்துக் காவல்காரர் அந்த இடைவெளியில் மூன்று தடவை வேறு கல் வைத்தார். மூன்று தடவையும் மறுநாள் அது கேட்டுக்கு வெளியே கிடந்தது. தெருப் பிள்ளைகள் செய்திருக்கலாம். நான் செம்பூருக்கு இதுவரை போனதில்லை, அவளைப் பார்த்ததும் இல்லை.

இந்த மாதத்தோடு மூன்று வருஷம் முடிகிறது. ஆபீசில் மறுபடி அதே மாதிரி காகிதம் கேட்கிறார்கள். அப்பாவிடம் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "பாக்கலாம்" என்றார்.

"பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் அத்தை உள்ளேயிருந்து.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தபோது வாசலில் வரிசை நிறைந்திருந்தது. பதினேழு. இடைவெளி இருந்த இடத்தில் ஒரு கல். சுண்ணாம்பு பாதி உதிர்ந்திருந்தது, மீதிப் பாதியில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. செருப்பு நுனியால் புரட்டினேன். அடியில் 4, தலை மூடாத 4. கையால் தொடவில்லை. காலாலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

திங்கட்கிழமை மாமியின் கடிதம் வந்தது:

'சரோஜாவுக்கு ஒன்பதாம் மாதம். முதல் பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்று பிடிவாதம் பிடித்து, வெள்ளிக்கிழமை காலையில் டிரங்குப் பெட்டியோடு தனியாகவே டாக்ஸியில் கிளம்பிவிட்டாள். வந்து சேர்ந்த விவரம் எழுதவும். வாயே திறக்காத பெண், இந்த ஒரு மாதமாக ஓயாமல் பேசுகிறாள். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா குழந்தைக்கு அக்கா இருக்கா, அக்கா எனக்கு ஒரு இடம் பாக்கி வெச்சிருக்கா என்று இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். மூத்தவளுடைய காகிதம் இந்த மாதத்தோடு முடிகிறதாமே, அதையும் அவள்தான் சொன்னாள்.'

அப்படியெல்லாம் பேசுவாள் என்று நான் குறிப்பில் எழுதவில்லை. பழைய பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நான் எழுதியது நாலு வரிதான், எதிர்த்துப் பேச மாட்டாள் என்பதும் அதில் இருக்கிறது.

இன்றைய நிலை இது. கடிதத்துக்கு நாங்கள் பதில் எழுதவில்லை. சரோஜா என்று யாரும் எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. அத்தை வெள்ளிக்கிழமையிலிருந்து நாலு பேருக்குச் சமைக்கிறார், ஏன் என்று அப்பா கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. காகிதம் அப்பாவின் பையில் இருக்கிறது, கையெழுத்து இல்லை. இன்று காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது வாசலில் குனிந்து பார்த்தேன். 4 என்று எழுதிய கல் குறுக்கே வெடித்து இரண்டாகக் கிடக்கிறது. அதை ஒன்றாகவே வைத்துக்கொண்டு எண்ணினேன். பதினெட்டு வருகிறது. பதினெட்டாவது கல் சின்னது. மழை பெய்து மூன்று மாதமாகிறது, அது மட்டும் ஈரமாக இருக்கிறது.